எடமலைப்பட்டி புதூரிலிருந்து நாமக்கல் வரை: கண்ணில் வெள்ளை விழுந்த முயல்

திருச்சி ஜங்ஷனிலிருந்து மதுரைப் பக்கம் போகும்போது கிராப்பட்டியை ஒட்டி வருவது எடமலைப்பட்டி புதூர். மாநகராட்சிக்குள் வந்து வெகுகாலம் ஆகியும் பெயரில் 'பட்டி'யும் போகவில்லை, 'புதூரும்' போகவில்லை. ஒரு பக்கம் ரயில் பாதை, இன்னொரு பக்கம் கோரையாறு. 2025இல் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்த பிறகு இந்தப் பக்கத்துச் சாலைகளுக்கு ஓய்வே இல்லை. இருந்தாலும் பிரதான சாலையை விட்டு இரண்டு தெரு உள்ளே போனால், வாசலில் கட்டிய ஆடும், சாக்கடை ஓரம் கிளறும் கோழியும், மாடிப்படிக்குக் கீழே கம்பிவலைக் கூண்டும் கண்ணில் படும். அந்தக் கூண்டுக்குள் முயல் இருக்கும்.

முயல் என்றதும் காட்டில் ஓடுவதை நினைக்க வேண்டாம். நம் ஊர்க் காட்டு முயல் வேறு இனம். அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டு முயலின் குட்டி பிறக்கும்போதே கண் திறந்திருக்கும், உடம்பில் முடியும் இருக்கும். வீட்டு முயலின் குட்டி கண் மூடியபடி, முடியில்லாத செந்நிறப் பிண்டமாகப் பிறக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கண் திறக்கும். நியூசிலாந்து வெள்ளை, வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்று நாம் வளர்ப்பவை எல்லாம் இந்த வகைதான். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இந்த இனங்களை வைத்து வெகுகாலமாக வேலை செய்கிறது.

எடுத்துக்காட்டுக்குப் புதூரில் ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். அப்பா சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீட்டோடு தையல். மகள் ஆறாம் வகுப்பு. அப்பத்தா ஒருவர். சந்தையில் இரண்டு குட்டிகளாக வாங்கியதில் ஒன்று நிலைக்கவில்லை. மிஞ்சிய ஒன்றுக்கு இப்போது ஒன்றேகால் வயது. கறிக்கு என்று வாங்கியதுதான். ஆனால் பிள்ளை அதற்கு மல்லி என்று பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்த பிறகு அது கறி ஆகாது என்பது முயல் வளர்த்த எல்லாருக்கும் தெரியும்.

ஒருநாள் காலையில் பிள்ளைதான் முதலில் கவனிப்பாள். "அப்பா, மல்லி கண்ணுல பால் மாதிரி இருக்குப்பா."

இந்த இடத்தில் ஒரு குழப்பம் வரும். வெள்ளை முயலின் கண் சிவப்பாகத்தான் இருக்கும். கண்ணில் நிறமி இல்லாததால் உள்ளே ஓடும் ரத்தம் தெரிகிறது, அவ்வளவுதான். அது நோய் அல்ல. பார்க்க வேண்டியது வேறு. கண்ணின் நடுப்பகுதியான பாப்பாவுக்குள் வெள்ளைப் புள்ளியோ படலமோ இருக்கிறதா? பாப்பாவைச் சுற்றியுள்ள வளையத்தில் வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு கட்டி புடைக்கிறதா? இமை வீங்கி, கண்ணீர் வழிந்து, கன்னத்து முடி ஒட்டிக்கிடக்கிறதா? மூன்றும் மூன்று வேறு சங்கதி.

மூன்றாவதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதுதான் நம் கையில் இருப்பது. முயலின் பல் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளரும். நார் மிகுந்த புல்லை நாள் முழுதும் அரைத்தால் வளர்கிற அளவுக்குத் தேயும். கேரட், பிஸ்கட், காய்கறிக் கடையில் மிஞ்சிய முட்டைகோஸ் இலை என்றே கொடுத்து வளர்த்தால் தேயாது. பல் மேலே நீள இடமில்லாமல் வேர் பின்னோக்கி வளர்ந்து, கண்ணிலிருந்து மூக்குக்குக் கண்ணீர் இறங்கும் குழாயை நெரிக்கும். குழாய் அடைத்தால் கண்ணீர் வெளியே வழியும், பிறகு சீழ் பிடிக்கும். வீட்டில் அதைக் 'கண்வலி' என்று சொல்லித் தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள். நோய் இருப்பதோ வாயில். மருத்துவர் மெல்லிய குழல் வைத்து உப்புக் கரைசலால் அந்தக் குழாயைக் கழுவிவிடுவார், பல்லையும் பார்ப்பார். அருகம்புல், வேலிமசால், அகத்தி, நறுக்கிய கம்பு நேப்பியர் என்று தீவனத்தை மாற்றாமல் கண்ணை மட்டும் கழுவிக்கொண்டிருந்தால் மாதம் ஒருமுறை கழுவ வேண்டியதுதான். கோரையாற்று ஓரத்தில் புல் செழித்து நிற்கிறதே என்று சாக்கடைத் தண்ணீர் கலக்கும் இடத்தில் அறுத்துக் கொடுக்கவும் கூடாது.

மல்லிக்கு வந்தது அது இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவள் கண்ணில் இருப்பது முதல் இரண்டும்: பாப்பாவுக்குள் வெள்ளை, ஓரத்தில் கடுகளவு கட்டி.

வயதான மனிதருக்கு வரும் கண்புரை போலத்தான் இதுவும் தெரியும். ஆனால் ஒன்றிரண்டு வயது முயலுக்கு, அதுவும் ஒரு கண்ணில் மட்டும் இப்படி வந்தால், மருத்துவர் முதலில் சந்தேகப்படுவது என்செபாலிட்டோசூன் குனிக்குலி என்ற நுண்ணுயிரியை. பெயர் நீளம், உருவம் மிகச் சிறியது. முயல்களில் இது 1922இலேயே கண்டறியப்பட்டது. தாய் முயலுக்கு இந்தத் தொற்று இருந்தால், கருவில் இருக்கும் குட்டியின் கண்வில்லை உருவாகும்போதே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். குட்டி பிறந்து, வளர்ந்து, நன்றாகத் துள்ளிக்கொண்டிருக்கும். மாதங்கள் கழித்து வில்லையைச் சுற்றியுள்ள மெல்லிய உறை கிழியும். உள்ளே இருந்த சரக்கு கண்ணுக்குள் கசியும். அதை அந்நியப் பொருள் என்று நினைத்து உடம்பே தாக்கும். அந்தச் சண்டைதான் வெளியில் தெரியும் கட்டி. ஆக, சந்தையில் வாங்கும்போதே கண்ணுக்குள் இருந்தது, ஒன்றேகால் வயதில் வெளியே வந்திருக்கிறது. பிள்ளை சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று யாரும் அவளைத் திட்ட வேண்டியதில்லை.

வீட்டில் அன்று சாயங்காலம் மூன்று கருத்து இருக்கும். அப்பாவுக்கு, முயல் விலையைப் போல் பல மடங்கு வைத்தியத்துக்குப் போகுமே என்ற கணக்கு. "இன்னும் நல்லாத்தான திங்குது, இப்பவே குடுத்துட்டா..." என்று அவர் முடிக்காமல் விடுவார். அப்பத்தா சமயபுரத்தாளுக்குக் கண்மலர் வாங்கிப் போடுவதாக வேண்டிக்கொள்வார். கண் நோவு என்றால் வெள்ளிக் கண்மலர் சாத்துவது இந்தச் சீமைப் பழக்கம். மனுசருக்கா முயலுக்கா என்று அம்மன் பிரித்துப் பார்க்க மாட்டாள் என்பது அப்பத்தா கட்சி. பிள்ளை சாப்பிட மாட்டாள்.

இதில் தவறானது ஒன்றுதான், நாலாவதாக ஒருவர் சொல்லும் யோசனை: "மெடிக்கல்ல கண்ணுச் சொட்டு மருந்து ஒண்ணு வாங்கி ஊத்துங்க." ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கருவிழியில் புண் உள்ள கண்ணில் விழுந்தால் புண் ஆழமாகி ஓட்டையே விழலாம். அதைவிட மோசம், வீட்டில் மிச்சம் இருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையைப் பொடித்து வாயில் ஊற்றுவது. மனிதருக்கும் நாய்க்கும் சாதாரணமான அந்த மருந்து, வாய் வழியாகப் போனால் முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து, கழிச்சலில் கொண்டுபோய்ச் சாகடிக்கும். பெனிசிலின் வகை மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கண்ணைக் காப்பாற்றப்போய் உயிரைவிட்ட முயலாக மல்லி ஆகிவிடக் கூடாது.

முதல் நடை திருச்சிக்குள்ளேயே. அரசு கால்நடை மருத்துவமனையில் கண்ணைப் பார்த்து, புண் இருக்கிறதா என்று சாயம் விட்டுச் சோதித்து, பல்லையும் பார்த்துவிடலாம். விமான நிலையம் போகும் வழியில் கொட்டப்பட்டில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வளர்ப்பு பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் கண்ணைத் திறந்து வில்லையை எடுப்பது என்பது நுண்நோக்கியும் மயக்க மருந்துக் கருவியும் பழகிய கையும் ஒரே இடத்தில் இருந்தால் மட்டும் நடக்கும் வேலை. அதற்குக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைத்தான் கேட்க வேண்டும். புதூர்க்காரர்களுக்கு மூன்று வழி. கிழக்கே தஞ்சாவூரைத் தாண்டி, 2012இல் தொடங்கிய ஒரத்தநாடு கல்லூரி. வடமேற்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டரில், 1985இல் தொடங்கிய நாமக்கல் கல்லூரி. இரண்டிலும் ஆகாது என்றால் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, வேப்பேரியில். எங்கே போனாலும் முன்கூட்டியே போன் செய்து, 'முயலுக்குக் கண் அறுவை, இன்றைக்குப் பார்ப்பீர்களா' என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் வரும் கால்நடை ஆம்புலன்ஸ் ஊருக்குள் அவசரத்துக்கு உதவும். இந்த மாதிரி வேலைக்கு அல்ல.

சரக்கு ஆட்டோ நாமக்கல்லுக்கே கிளம்பட்டும். சித்திரை, வைகாசி என்றால் விடியலுக்கு முன்னால் கிளம்ப வேண்டும். முயலுக்கு வியர்க்காது, காதின் வழியாகத்தான் சூடு இறங்கும். திருச்சி வெயிலில் மூடிய அட்டைப்பெட்டிக்குள் வைத்துப் பகலில் கொண்டுபோனால் மருத்துவமனை வாசலில் கண்ணைப் பார்க்க முயல் இருக்காது. காற்றோட்டமான கூடை, அடியில் ஈரம் பிழிந்த சாக்கு, மேலே வெள்ளைத் துணி, உள்ளே அதற்குப் பழகிய புல் ஒரு பிடி. பழகிய புல் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். ஏன் என்பது பின்னால் வரும்.

நம்பர் 1 டோல்கேட்டில் திரும்பினால் காவிரியின் வடகரையோடு சாலை போகும். குணசீலம், முசிறி, தொட்டியம். இடது கைப்பக்கம் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் நெல்லும் மாறி மாறி வரும். முசிறி பக்கம் வந்தால் கோரை. அறுத்து விரித்துக் காயப்போட்டிருப்பார்கள், அதுதான் பாயாகப் போகிறது. பிள்ளை கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். இந்தச் சாலையில் மனநோய்க்குக் குணசீலம் பெருமாளைத் தேடிப் போகிறவர்கள் உண்டு, கோழிக்கும் முட்டைக்கும் நாமக்கல் போகிறவர்கள் உண்டு. முயலின் கண்ணுக்காகப் போகிறவர்கள் குறைவு. ஆனால் மனிதக் கண்ணுக்காக முயல் எவ்வளவோ பட்டிருக்கிறது. அழகுசாதனப் பொருளும் மருந்தும் கண்ணை எரிக்குமா என்று பார்க்க முயலின் கண்ணில் விட்டுப் பார்க்கும் சோதனை முறை 1944இல் வகுக்கப்பட்டது. கண்புரை அறுவைக்கான கருவிகளையும் வில்லைகளையும்கூட முயலில் பழகிப் பார்த்திருக்கிறார்கள். மேலப்புதூர் ஜோசப் கண் மருத்துவமனையில் புரை எடுத்துக்கொண்டு மறுநாளே வீட்டுக்கு வரும் அப்பத்தாக்களுக்கு அது தெரியாது.

மருத்துவமனையில் மருத்துவர் எதைத் தீர்மானிக்கிறார் என்று புரிந்துகொண்டால் பயம் குறையும். கட்டி சிறியது, கண்ணின் உள்ளழுத்தம் ஏறவில்லை, பின்னால் உள்ள விழித்திரை உயிரோடு இருக்கிறது என்றால், சன்னமான கீறல் வழியாக ஒலியலையால் வில்லையைக் கரைத்து உறிஞ்சி எடுக்கலாம். நோயின் கூடே வில்லைதான் என்பதால் அது போனாலே கண் அமைதியாகும். மனிதருக்கு வைப்பது போல் செயற்கை வில்லை வைப்பது முயலுக்கு வழக்கமில்லை. வில்லை இல்லாமலே ஓரளவு பார்க்கும். உறையில் மிச்சமிருக்கும் செல்களிலிருந்து முயலுக்கு வில்லைப் பொருள் மறுபடி வளர்வதும் உண்டு. அதனால் பிற்பாடு கண் மீண்டும் மங்கலாம் என்று முன்பே சொல்லிவிடுவது மருத்துவருக்கும் நல்லது, கேட்டு வைத்துக்கொள்வது வீட்டுக்காரருக்கும் நல்லது.

நாட்பட வந்தால் இந்தப் பேச்சே எழாது. கண் வீங்கி, அழுத்தம் ஏறி, உள்ளே சீழாகிவிட்டால் கண்ணையே எடுக்கத்தான் சொல்வார்கள். அது மனசுக்குக் கஷ்டம். ஆனால் வலியெடுக்கும் குருட்டுக் கண்ணோடு இருப்பதைவிட இமையைத் தைத்து மூடிய வலியில்லாத முகம் முயலுக்கு மேல். முயலின் கண்குழிக்குள் பெரிய ரத்தக்குழாய்ப் பின்னல் இருப்பதால் அதில் ரத்தப்போக்கு அபாயம் அதிகம். அனுபவம் உள்ள கையில்தான் கொடுக்க வேண்டும். மல்லியை மூன்றாம் நாளே கூட்டி வந்ததால் முதல் வழி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம்.

இனி அந்தப் பழகிய புல்லுக்கு வருவோம். நாய்க்கு அறுவை என்றால் முதல் நாள் இரவே சோறு நிறுத்தச் சொல்வார்கள், வாந்தி எடுத்து மூச்சுக்குழாயில் போய்விடும் என்று. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதன் குடல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய இயந்திரம். பட்டினி போட்டால் குடல் நின்றுவிடும். நின்ற குடலை ஓட்டுவது கண் அறுவையைவிடப் பெரிய பாடு. அதனால் மருத்துவர் சொல்லும் நேரம் வரை, பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை, தின்னவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று இரவெல்லாம் பட்டினி போட்டுக் கொண்டுபோகக் கூடாது. மயக்கம் தெளிந்ததும் முதலில் அதன் வாய்க்கு முன்னால் வைக்க வேண்டியது அதே பழைய புல். புதிய இடம், புதிய வாசனை, வலி எல்லாம் சேர்ந்து பயந்துபோயிருக்கும் முயல் தெரிந்த வாசனையைத்தான் முதலில் கடிக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாரும் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது புழுக்கையை. எத்தனை போட்டிருக்கிறது, பழைய அளவா, சிறுத்துவிட்டதா? பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்லலாம். பெரியவர்களைவிட ஒழுங்காக எழுதுவாள். அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தால் அது அவசரம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வலி இருந்தால் முயல் கத்தாது, தின்பதை நிறுத்தும். வலி மருந்தை 'அதுதான் சும்மா இருக்கே' என்று பாதியில் நிறுத்துவது அதனால்தான் தப்பு.

கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் வளையத்தில் ஒரு சிக்கல் உண்டு. முயல் இரவில் போடும் மெத்தென்ற ஒருவகைப் புழுக்கையை ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்துத் தின்னும். அருவருப்பாகத் தெரிந்தாலும் அது அதன் சத்து. வளையம் போட்டால் எட்டாது. எனவே எவ்வளவு நேரம் போடுவது, எப்போது கழற்றுவது என்று கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

சொட்டு மருந்து விடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. துண்டில் சுருட்டி, பின்னங்கால்களை அணைத்துப் பிடிக்க வேண்டும். பின்னங்காலை உதறினால் அதன் முதுகெலும்பை அதுவே முறித்துக்கொள்ளும். அம்மா துண்டோடு மடியில் வைத்துக்கொள்ள, பிள்ளை கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு. ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடம். கூண்டில் வைக்கோலும் தூசும் வேண்டாம். பழைய வேட்டித் துணி போதும்.

கூடவே பென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தை வழக்கமாக 28 நாள் கொடுக்கச் சொல்வார்கள். ஆட்டுக்கு வாங்கிய அதே மருந்து வீட்டில் இருக்கலாம். கண்ணளவில் ஊற்றக் கூடாது. அளவு கூடினால் எலும்பு மஜ்ஜை கெட்டு முயல் செத்துப்போகும். எடை பார்த்து எழுதிய அளவு மட்டும்தான்.

பத்து இருபது முயல் வைத்துப் பண்ணை நடத்துபவர்களுக்கு மல்லியின் கதை வேறு மாதிரி முக்கியம். இந்த நுண்ணுயிரி முயலின் சிறுநீரில் வெளியேறி, தீவனத்தில் ஒட்டி, அடுத்த கூண்டுக்குப் போகும். கழுத்து ஒரு பக்கம் சாய்வது, பின்னங்கால் இழுப்பது போன்றவையும் இதே நோயாக இருக்கலாம். கண்ணில் வெள்ளை விழுந்த குட்டி போட்ட தாயை மறுபடி இனத்துக்கு விடக் கூடாது. மேல்தட்டுக் கூண்டின் சிறுநீர் கீழ்த்தட்டுத் தீவனத்தில் சொட்டும்படி அடுக்கியிருந்தால் இன்றைக்கே மாற்ற வேண்டும். கூண்டைக் கொதிநீராலும் பிளீச்சிங் கரைசலாலும் கழுவி வெயிலில் காய வைக்கலாம். அப்பத்தா மாதிரி வயதானவர்களும், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் கூண்டு கழுவும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, முயலைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும்.

மல்லியின் அந்தக் கண் பிற்பாடு மங்கிப்போனாலும், அடுத்த கண்ணிலும் வெள்ளை விழுந்தாலும் என்ன ஆகும்? முயலின் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பின்னால் வரும் பருந்துகூடத் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது தெரியாது. வாயருகே வரும் புல்லை அது எப்போதுமே மீசையாலும் உதட்டாலும்தான் கண்டுபிடித்துத் தின்கிறது. அதனால் பார்வை போன முயலும் நன்றாகவே தின்னும். அதற்கு வேண்டியது, தண்ணீர்ச் சட்டி வைத்த இடத்திலேயே இருப்பது. புல் வைக்கும் மூலை மாறாமல் இருப்பது. தொடுவதற்கு முன் ஒரு குரல் கொடுப்பது. வழுக்கும் டைல்ஸ் தரையில் ஒரு சாக்கு. பூனை ஏறாத இடம்.

கொஞ்ச நாளில் அந்த வீட்டில் எல்லாருக்கும் அது பழகிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைப் போடும்போதே பிள்ளை "மல்லி" என்பாள். அப்பாவும் வண்டியை நிறுத்திவிட்டு, பச்சைமிளகாய் வாங்கிய பையில் அகத்திக்கீரை ஒரு கட்டு இருக்கும், அதை எடுத்து அதே மூலையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். ரயில் பாதையில் ஏதாவது வண்டி கடந்து போனால் மல்லியின் காது இரண்டும் அந்தப் பக்கம் திரும்பும். சத்தம் ஓய்ந்ததும் மீசை தரையைத் தடவிக்கொண்டே கீரையிடம் வரும். கண்மலர் வாங்கச் சமயபுரம் எப்போது போவது என்று அப்பத்தா மகனிடம் கேட்டுக்கொண்டிருப்பார்.